சித்தார்த்தி வருஷம், தை மாசம்: ஒரு செட்டிநாட்டு மேல்மாடியில் மூன்று நூலகப் பயிற்சியாளர்கள்

புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பெண் கேட்டாள்: "மேடம், இதுல ஐஎஸ்பிஎன் எங்க போட்டிருக்கும்?"

அவள் கையில் இருந்தது முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் அச்சான புத்தகம். ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்குப் புத்தகம் கொடுக்கும் அடையாள எண், சர்வதேசத் தரமாக வந்ததே 1970இல்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் நூலகப் பட்டமான பி.லிப் முடித்து முதல் வகுப்பு வாங்கிய பெண் அவள், அவளுக்கு யாரும் ஐஎஸ்பிஎன் இல்லாத புத்தகத்தைக் கையில் கொடுத்ததே இல்லை. கல்லூரி நூலகத்தில் பத்து நாள் பயிற்சி என்று போனபோது பார்கோடு ஒட்டவும் கேட் ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கவும் சொல்லியிருக்கிறார்கள். அதையும் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறாள்.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் 19 வருஷமாக நூலகர். போன தை மாதம் ஒரு வேலை வந்தது. கானாடுகாத்தானைத் தாண்டி உள்ளே போகிற ஒரு ஊரில் பெரிய வீடு, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் வழக்கம்போல, மேல்மாடியில் ஒரு நீளமான அறை, அதில் ஏழு மர பீரோ, நாலு தகரப் பெட்டி. நாலு பங்காளிகள். மூன்று பேர் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள், நாலாவது பங்கில் மட்டும் எண்பது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் பின்கட்டில் குடியிருக்கிறார். படைப்புக்கு, அதாவது முன்னோர்க்குப் படைத்துக் கும்பிடும் நாளுக்கு, எல்லோரும் கூடும்போது புத்தகங்களை என்ன செய்வது என்று பேச வேண்டும், அதற்கு முன்னால் என்னதான் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் என்னோடு படித்தவள், அப்படித்தான் என்னிடம் வந்தது.

அவர்கள் அவசரப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பக்கம் வீடு பிரிக்கும்போது தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய்விடும், பீங்கான் சாடிக்கும் எனாமல் தூக்குக்கும் கூட விலை சொல்ல ஆள் உண்டு. காகிதத்துக்கு மட்டும் விலை சொல்ல ஆள் இல்லை, அது எடைக்குப் போகும்.

சரி, மூன்று பேரை அழைத்துக்கொண்டேன். ஒருத்தி மேலே சொன்ன தேவகோட்டைப் பெண், பி.காம், அப்புறம் பி.லிப். இரண்டாமவர் அதன் முதுகலையான எம்.லிப் முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும் பாஸ் செய்தவர், கோஹா என்ற நூலக மென்பொருளைத் தன் லேப்டாப்பில் தானே நிறுவத் தெரிந்தவர். மூன்றாவது திருமயத்துத் தம்பி, நூலகச் சான்றிதழ் படிப்பு மட்டும் முடித்துவிட்டு ஊர்ப்புற நூலகர் வேலைக்கு எப்போது அறிவிப்பு வரும் என்று காத்திருப்பவன். தினம் 400 ரூபாய், பஸ் காசு தனி, மதியச் சாப்பாடு ஆச்சி வீட்டில். முப்பது வேலை நாள். இந்தக் கட்டுரை அந்த முப்பது நாளைப் பற்றியது, அதில் எங்கே தவறு செய்தோம், எதற்கு எங்களில் யாருக்கும் பயிற்சி இல்லை என்பதைப் பற்றியது.

இரண்டாம் நாள்

முதல் நாள் தூசி தட்டுவதிலேயே போய்விட்டது. இரண்டாம் நாள் எனக்குக் கல்லூரியில் தேர்வுப் பணி (ஆமாம், நூலகருக்கும் தேர்வறைக் கண்காணிப்பு உண்டு, ஐடி கார்டு அடிப்பதும் உண்டு, நாக் என்ற கல்லூரித் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் பூந்தொட்டி வைப்பது வரைக்கும் உண்டு). நான் சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது எம்.லிப் முடித்தவர் பெருமையாக நின்றுகொண்டிருந்தார். ஏழு பீரோவையும் காலி செய்து, புத்தகங்களைத் தரையில் பொருள் வாரியாகப் பிரித்து அடுக்கி வைத்திருந்தார். சைவம் ஒரு வரிசை, இலக்கணம் ஒரு வரிசை, நாவல் ஒரு வரிசை, ஜோதிடம், வைத்தியம், இங்கிலீஷ் சட்டப் புத்தகம். ஒரே நாளில். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஆனால் ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்ல வரவில்லை. அடுத்த நாள் காலையில் கோவையிலிருந்து வந்த போன் அதைச் சொல்லிவிட்டது. மூன்றாவது பங்கு அண்ணன் பேசினார்: "எங்க அப்பச்சி பீரோவுல இருந்த புத்தகத்தை மட்டும் தனியா ஒரு லிஸ்ட் போட்டுக் குடுத்துருங்கம்மா." அப்பச்சி என்றால் இங்கே அப்பா. எது அவர் அப்பச்சி பீரோ? ஏழும் காலி.

பீரோக்கள் ஆளுக்கு ஆள் பிரிந்தவை. ஐயா, அதாவது தாத்தா, வாங்கிச் சேர்த்தது இரண்டில், அவர் பிள்ளைகள் நாலு பேரும் அவரவர் சேர்த்தது ஒவ்வொன்றில், ஏழாவது பொதுவில், அதாவது கோயில், சங்கம், கல்யாணச் சமாசாரங்கள். ஆவணக் காப்பகம் பற்றிய பாடத்தில் இதற்கு ஒரு கொள்கையே இருக்கிறது: யாரிடமிருந்து வந்தது என்பதைக் கலக்காதே, அவர்கள் வைத்த வரிசையைக் கலைக்காதே. எம்.லிப் முடித்தவர் அதைப் படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறார். கேட்டபோது வரி பிசகாமல் சொன்னார். ஆனால் அது 'ஆவணத்துக்கு' உரிய விதி என்று மனதில் இருந்திருக்கிறது, புத்தகத்துக்கு வகைப்பாடு என்று வேறு தாளில் படித்திருக்கிறார், இரண்டும் ஒரே அறைக்குள் சேர்ந்து வரும் என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. தவறு அவர் பேரில் மட்டும் இல்லை. முதல் நாளே "எதையும் நகர்த்தாதீர்கள், முதலில் போட்டோ" என்று சொல்லியிருக்க வேண்டியது நான். சொல்லவில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

எங்களைக் காப்பாற்றியது வாட்ஸப். தேவகோட்டைப் பெண் முதல் நாள் அந்த அறையைப் பார்த்த பரவசத்தில் ஒவ்வொரு பீரோவையும் திறந்து வைத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள், போனில் அசல் படங்கள் இருந்தன. நாலு நாள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, முதுகில் தங்க எழுத்து உள்ளதை எழுத்தை வைத்தும், இல்லாததை உயரம், கிழிசல், துணி நிறம் வைத்தும் திரும்ப அதனதன் பீரோவுக்குள் ஏற்றினோம். சுமார் இருநூறு புத்தகத்துக்கு இடம் தெரியவில்லை. அவற்றில் பாதிக்கு மேல் உள்ளே கையெழுத்தோ ரப்பர் ஸ்டாம்போ இருந்ததால் தப்பித்தோம். முப்பது நாளில் நாலு நாள் இப்படிப் போனது. இந்தக் கட்டுரையில் நான் ஒன்றை மட்டும் எழுத அனுமதி என்றால் இதைத்தான் எழுதுவேன்.

'மற்ற தகவல்கள்'

பி.லிப் படித்தவர்களுக்கு நூற்பட்டியாக்கச் செய்முறைத் தாள் ஞாபகம் இருக்கும். ஒரு கட்டத்துக்குள் தலைப்புப் பக்கத்தை அச்சடித்திருப்பார்கள். அதன் கீழே 'மற்ற தகவல்கள்' என்று ஒரு பகுதி, அதில் அழைப்பு எண், அக்சஷன் நம்பர், பக்கம், உயரம், ஆசிரியர் பிறந்த வருடம் எல்லாம் தயாராக இருக்கும். மாணவர் அதை விதிப்படி அட்டையில் எந்த இடத்தில் எழுதுவது, எங்கே முற்றுப்புள்ளி, எங்கே இரண்டு இடைவெளி என்று காட்ட வேண்டும். நான் படித்தபோதும் அப்படித்தான், இவர்கள் படித்தபோதும் அப்படித்தான்.

அந்த வீட்டில் எங்களுக்கு எதிரே இருந்ததெல்லாம் அந்த 'மற்ற தகவல்கள்' இல்லாத புத்தகங்கள். உண்மையான வேலையே அதைக் கண்டுபிடிப்பதுதான், தேர்வில் அதை இலவசமாகக் கொடுத்துவிடுகிறோம்.

உதாரணத்துக்கு அந்த முதல் புத்தகம். அட்டை போய்விட்டது. முகப்புத் தாளில் 'சித்தார்த்தி வருடம் தை மாதம்' என்று மட்டும் இருந்தது, ஆங்கில ஆண்டு இல்லை. தேவகோட்டைப் பெண் இணையத்தில் தேடி 60 வருடச் சுழற்சிப் பட்டியலைக் கண்டுபிடித்துவிட்டாள், கெட்டிக்காரி. ஆனால் சித்தார்த்தி 1859இலும் வருகிறது, 1919இலும் வருகிறது, 1979இலும் வருகிறது. பழசாகத் தெரிகிறதே என்று 1859 என்று போட்டுவிட்டாள். கொஞ்சம் விட்டிருந்தால் அந்தப் பட்டியலில் 60 வருஷம் கூடுதல் கிழடான புத்தகம் ஒன்று உட்கார்ந்திருக்கும், யாராவது ஆராய்ச்சி மாணவர் அதை வைத்து ஒரு அத்தியாயமே எழுதியிருப்பார்.

"கடைசித் தாளைப் பாரு" என்றேன். அங்கே ஒரு விளம்பரம், ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கடை, ஃபவுண்டன் பேனா, கைக்கடிகாரம். 1859இல் கைக்கடிகாரத்தை யார் தமிழில் விளம்பரம் செய்திருப்பார்? ஆக 1919. அதுவும் இல்லை, ஏனென்றால் சித்தார்த்தி பிறந்தது 1919 சித்திரையில், தை மாதம் வரும்போது ஆங்கிலக் கணக்குக்கு 1920 ஆகிவிடும். கடைசியில் [1920] என்று அடைப்புக்குறிக்குள் போட்டு, அச்சில் இருந்தபடி ஒரு இடத்தில், நாங்கள் மாற்றியது ஒரு இடத்தில், ஏன் அப்படி மாற்றினோம் என்பது குறிப்பில் ஒரு வரி, என்று மூன்றாக எழுதினோம். ஒரு புத்தகத்துக்கு முக்கால் மணி நேரம். எம்.லிப் முடித்தவர் பொறுமை இழந்து, "இந்த ரேட்ல போனா ரெண்டு வருஷம் ஆகும் மேடம்" என்றார். உண்மைதான். ஆனால் பத்தாவது புத்தகத்தில் அது ஐந்து நிமிஷ வேலையாகிவிட்டது, அவருக்கே.

அப்புறம் எண்கள். ஒரு புராண உரைத் தொகுதியில் 'ரு-ம் பாகம்' என்று இருந்ததைத் தம்பி தலைப்பின் ஒரு துண்டு என்று நினைத்து அப்படியே அடித்திருந்தான். அது ௫, ஐந்தாம் பாகம். பழைய அச்சில் ௧ பார்க்கக் 'க' மாதிரி, ௨ 'உ' மாதிரி, ௭ 'எ' மாதிரி, ௮ 'அ' மாதிரி, பல அச்சகங்களில் தமிழ் எண்ணுக்கு அந்த எழுத்தின் அச்சையே கோத்துவிடுவார்கள். பத்துக்குத் தனிக் குறி உண்டு, ௰, அதனால் இருபத்தைந்தை ௨௰௫ என்று எழுதுவார்கள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டினேன். கூடவே 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னா, றா வடிவங்களையும். இருபத்து நாலு வயசுப் பிள்ளைகள், துதிக்கை வைத்த 'லை'யைச் சில பழைய பலகைகளில் மட்டும் பார்த்தவர்கள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

பழகாமல் கடைசி வரை படுத்தியது புணர்ச்சி. பழைய பதிப்பாசிரியர்கள் தலைப்பையும் இலக்கணப்படி சேர்த்துத்தான் போடுவார்கள், 'திருக்குறண்மூலம்' என்று. கணினியில் 'திருக்குறள்' என்று தேடினால் இது வராது, ஏனென்றால் அந்தச் சொல்லில் 'ள்' இல்லவே இல்லை. நன்னூல் 'நன்னூற்காண்டிகை' ஆனால் 'நன்னூல்' தேடலில் கிடைக்காது. கோஹாவில் இதற்கு வழி இருக்கிறது, மாற்றுத் தலைப்புக்கு உரிய 246ஆம் புலத்தில் பிரித்த வடிவத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். அந்தப் புலம் இருப்பது எம்.லிப் முடித்தவருக்குத் தெரியும், மனப்பாடமாகத் தெரியும், ஆனால் அதில் போடப் பாடத்தில் கொடுத்த உதாரணங்கள் எல்லாமே இங்கிலீஷ் தலைப்புகள். தமிழில் அது எதற்கு உதவும் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் பொறி தட்டியது. அன்று மத்தியானம் சாப்பிடக்கூட இறங்கி வராமல் பழைய பதிவுகளை எல்லாம் திறந்து 246 சேர்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் கோபம் எனக்கு அத்தோடு போய்விட்டது.

மென்பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக எழுதி 2000இல் எல்லோருக்கும் இலவசமாக விட்ட மென்பொருள் கோஹா, இன்றைக்கு நம் கல்லூரிகளில் அதுவும் இன்ஃப்ளிப்நெட்டின் சோல் மென்பொருளும்தான் அதிகம். இரண்டுமே நல்லவை. ஆனால் பயிற்சி என்றால் இவற்றைப் பயன்படுத்தும் பயிற்சி என்று ஆகிவிட்டது, அதுவும் வேறு நூலகத்தின் பதிவை இறக்கிக்கொள்ளும் பயிற்சி. இறக்கிக்கொள்ள எங்கேயும் பதிவு இல்லாத புத்தகம் வந்தால் கை நின்றுவிடுகிறது. நாங்கள் முதல் இரண்டு வாரம் மென்பொருளைத் தொடவே இல்லை, எக்செலில் போட்டோம், அதிலும் தம்பி வீட்டுக் கணினியில் பழைய எழுத்துருவில் அடித்துக்கொண்டு வந்த 90 வரிகள் என் லேப்டாப்பில் கொசகொசவென்று புழுவாகத் தெரிந்தன. யூனிகோடு என்றால் என்ன என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறான். திரும்ப அடித்தான்.

விலாசம்

இதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் பாடம் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம்.

புத்தகங்களின் உள்ளே பேருக்கு முன்னால் நாலைந்து இனிஷியல். தேவகோட்டைப் பெண் இதை ஆளுடைய இனிஷியல் என்று எடுத்துக்கொண்டு உரிமையாளர் பட்டியல் போட்டாள், ஒரே ஆள் மூன்று விதமாக வந்தார், மூன்று ஆள் ஒரே விதமாக வந்தார்கள். நகரத்தார் வழக்கில் அது விலாசம், கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன கடைக்கும் குடும்பத்துக்கும் உரிய பேர், தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. அதோடு மூத்த பேரனுக்கு ஐயா பேரை வைப்பார்கள், ஆக ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பேர் திரும்ப வரும். பிள்ளை கூட்டிக்கொண்டு (தத்தாக) போனால் விலாசம் மாறும். ஸ்டாம்பில் இருப்பது தாத்தாவா பேரனா என்று நூலக விதிகளை வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது.

அந்த வீட்டில் முன்பு கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மகன் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், எழுபது வயது. ஆச்சிதான் சொன்னார், "அவனைக் கூப்பிட்டுக் கேளுங்க, அவனுக்கு எங்களைவிடத் தெரியும்." வந்தார். ஒரு அரை மணி நேரம் ஸ்டாம்புகளைப் பார்த்துவிட்டு, ஒரு பழைய நாட்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, குடும்பக் கொடியை மேலிருந்து கீழே வரைந்தார், யார் பினாங்கு, யார் ரங்கூன், யார் திரும்பி வரவில்லை என்பதோடு. அந்தத் தாள்தான் எந்தப் பேர் எந்த ஆள் என்று தீர்க்கும் எங்கள் பெயர் ஒழுங்குப் பட்டியல். ஸ்கேன் எடுத்துப் பதிவோடு இணைத்தோம். நூலகக் கல்வியில் வர வேண்டிய திறமை, விலாசத்தைப் படிக்கத் தெரிவது என்று நான் சொல்ல வரவில்லை, தெரிந்தவர் யார் என்று விசாரித்து, அவர் முன்னால் நோட்டைத் திறந்து உட்காரத் தெரிவது.

இதில் திருமயத்துத் தம்பியை யாரும் மிஞ்ச முடியவில்லை. ஒரு நாள் ஆச்சி மேலே ஏறி வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி, "எங்க ஐயா ராத்திரி வாசிச்சுச் சொல்லுற கதைப் புத்தகம் ஒண்ணு இருந்துச்சே, அது இருக்கா?" என்று கேட்டார். மற்ற இருவரும் "பேரு என்ன ஆச்சி?" என்றார்கள். பேர் தெரியாது. அவர்கள் திரும்ப வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். தம்பி ஒரு முக்காலியைப் போட்டு ஆச்சியை உட்கார வைத்தான். "பெரிசா ஆச்சி, சின்னதா? மடியில வச்சுப் படிப்பாகளா, பலகையில வச்சா?" பலகையில் வைத்து. "படம் இருந்துச்சா?" ஒரு பறவைப் படம். "கொக்கா, மயிலா?" வெள்ளையா, கழுத்து நீளமா. ஐந்து நிமிஷத்தில் ஐயாவின் இரண்டாவது பீரோவிலிருந்து சிவப்புக் காலிகோ அட்டை போட்ட நளன் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தான், உள்ளே அன்னத்தோடு தமயந்தி. ஆச்சி அதைப் புரட்டவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

வாசகர் கேட்பதற்கும் அவருக்கு வேண்டியதற்கும் நடுவே இருக்கிற தூரத்தைக் கேள்வி கேட்டே குறைப்பது எங்கள் தொழிலின் அடிப்படை. மூன்று பேரும் அதைப் பரீட்சையில் எழுதியவர்கள். செய்து காட்டியவன் மூவரில் குறைந்த படிப்புப் படித்தவன். அவனுக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், அவன் அம்மா மளிகைக் கடை வைத்திருக்கிறாராம், "அந்தப் பச்சைக் கவர் சோப்பு" என்று வருகிறவர்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவன்.

அதே தம்பிதான் ஒரு கிழிந்த அட்டையைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச் செல்லோடேப் போட்டு ஒட்டினான். பழைய தாளுக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை, கொஞ்ச வருஷத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், பிரித்தால் எழுத்தோடு வரும். கிழிந்ததைப் பருத்தி நாடாவால் கட்டி, உறையில் போட்டு வைத்தால் போதும், ஒட்டுவது அதற்கென்று படித்தவர் வேலை. வெயிலில் காயப் போடலாமா என்றும் கேட்டார்கள், முற்றத்து நேர்வெயில் வேண்டாம், நிழல் காற்று போதும் என்றேன். ராமபாணப் பூச்சிக்கு ஆச்சி வசம்பு வைத்திருந்தார், அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

கோட்டையூர்

தகரப் பெட்டிகளுக்கு வந்தோம். கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கப்பல் டிக்கெட் அடிக்கட்டை, கடிதக் கட்டுகள், இசைகுடிமானம் என்ற நகரத்தார் கல்யாணப் பத்திரங்கள், சிட்டை, பேரேடு. எம்.லிப் முடித்தவர், "இதெல்லாம் புக் இல்லையே மேடம், விட்டுடலாமா?" என்றார். கேள்வி நியாயமானது, நாள் கம்மியாக இருந்தது.

நான் ரோஜா முத்தையா பேரைச் சொன்னேன். மூன்று பேருக்கும் தெரியவில்லை. எனக்கு அதிர்ச்சி, ஏனென்றால் அவர் ஊர் கோட்டையூர், இவர்கள் தினம் பஸ்ஸில் போகிற வழி. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். புத்தகம், பத்திரிகை என்று மட்டும் நிற்காமல் அழைப்பிதழ், நோட்டீஸ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையும் சேர்த்தவர். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது, வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆக்கியது. ஒரு நூலகத்துறைப் பாடத்திட்டம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தையும் பிரிட்டிஷ் நூலகத்தையும் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டு, பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிற இடத்தில் நடந்ததை விட்டுவிடுகிறது என்றால் நான் என்ன சொல்ல. காரைக்குடியிலேயே இந்து மதாபிமான சங்கம் இருக்கிறது, 1917இல் தொடங்கியது, பாரதியார் 1919இல் வந்து போன இடம். மேலைச்சிவபுரி சன்மார்க்க சபை 1909இல் தொடங்கியது. புதுக்கோட்டையில் ஞானாலயா என்ற தனியார் நூலகம். ஒரு நூலக மாணவருக்கு இந்தச் சுற்று வட்டாரமே ஒரு பாடப்புத்தகம்.

பெட்டிகளை விடவில்லை. தனித்தனியாகப் பதிவு போட நேரமில்லை என்பதால் கட்டு வாரியாக, 'ரங்கூன் கடிதங்கள், ஒரு கட்டு, இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை' என்று ஒரு வரிப் பதிவு. பேரேடுகளின் உள்ளே மாகாணி, அரைக்கால் என்ற பழைய பின்னங்களும் ௰ குறியும் கலந்த கணக்கு, அதைப் படிக்க நாங்கள் முயலவில்லை. படிக்கத் தெரிந்தவர் வரும்போது எது எங்கே இருக்கிறது என்று காட்ட முடிந்தால் சரி.

எஸ்.ஆர். ரங்கநாதன் என்றால் நூலகத் துறையில் இருக்கிற நாம் எல்லோரும் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளை ஒப்பிப்போம். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தபோது அவர் கணக்கு வாத்தியார், நூலகப் படிப்பு எதுவும் இல்லை, அந்தத் தனிமை பிடிக்காமல் ஆரம்பத்திலேயே பழைய வேலைக்குத் திரும்பிவிடப் பார்த்தவர். லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே வகுப்பில் கற்றதோடு, நூலகம் நூலகமாகப் போய்ப் பார்த்தார், ஒரு கடையில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்துத்தான் துண்டு துண்டாக இணைக்கிற வகைப்பாட்டு யோசனை வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து 1928இல் சென்னை நூலகச் சங்கம், 1929இல் பயிற்சி வகுப்பு, 1931இல் ஐந்து விதிகள், 1933இல் கோலன் வகைப்பாடு. பிறகு 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம். அந்தச் சட்டத்தால்தான் நம் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா இன்றைக்கும் நூலக வரியாகப் போகிறது, திருமயத்துத் தம்பி காத்திருக்கிற ஊர்ப்புற நூலகர் வேலையும் அந்தச் சட்டத்தின் கொடிவழியில் வந்ததுதான்.

நோட்டு

முப்பது நாள் முடிவில் சுமார் 2,800 புத்தகத்தில் 2,100க்கு முழுப் பதிவு, மீதிக்குத் தலைப்பும் பீரோ எண்ணும் மட்டும். அறுபது புத்தகத்துக்கு ஆண்டில் கேள்விக்குறி. பெட்டிகளுக்குக் கட்டு வாரிப் பட்டியல். இது பெரிய சாதனை எல்லாம் இல்லை, பயிற்சி பெற்ற இரண்டு பேர் இருந்தால் இன்னும் கூடுதலாக முடித்திருப்பார்கள்.

உருப்படியாக வந்த பொருள் வேறு ஒன்று. இரண்டாம் நாள் கூத்துக்குப் பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிப் போட்டேன். சந்தேகம் வந்தால் அதில் எழுத வேண்டும்: என்ன சந்தேகம், யாரைக் கேட்டோம், என்ன முடிவு, யார் எடுத்தது, தேதி. முதலில் சிணுங்கினார்கள். மூன்றாம் வாரம் அவர்களே அதைப் புரட்டி, 'போன வாரம் இதே மாதிரி வந்துச்சே, என்ன பண்ணினோம்' என்று பார்க்க ஆரம்பித்தார்கள், என்னைக் கேட்பது குறைந்தது. ஒரு இடத்தில் என் முடிவை அடித்துவிட்டு அந்தப் பெண் வேறு எழுதியிருந்தாள், பக்கத்தில் காரணமும். அவள் சொன்னதுதான் சரி.

பாடத்திட்டம் போடுகிறவர்கள் யாராவது படித்தால்: பத்துக் கல்லூரி நூலகத்தில் மூன்று மூன்று நாள் என்று பிள்ளைகளைச் சுற்றிக் காட்டாதீர்கள். ஒழுங்கே இல்லாத ஒரு தொகுப்பில், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு மாதம் விடுங்கள். செட்டிநாட்டில் அப்படி ஒழுங்கில்லாத மேல்மாடிகளுக்குப் பஞ்சமே இல்லை. செய்முறைத் தேர்வில் அந்த 'மற்ற தகவல்கள்' பகுதியை எடுத்துவிட்டு, அசல் புத்தகத்தைக் கையில் கொடுங்கள். மதிப்பெண் விடைக்குப் பாதி, எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்று எழுதிய நோட்டுக்குப் பாதி. திருத்துவது கஷ்டம்தான், ஒரே விடை இருக்காது. அந்தத் தொகுப்புகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று: பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்குக் காசு கொடுங்கள். 400 ரூபாய் கம்மி, எனக்கே வெட்கமாக இருந்தது.

படைப்பு அன்று பங்காளிகள் கூடினார்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினார்கள், ஒரு முடிவும் ஆகவில்லை, பீரோச் சாவியை ஆச்சியிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். நளன் கதை மட்டும் பின்கட்டில் அவர் தலைமாட்டில் இருக்கிறது, பட்டியலில் அதற்கு நேரே 'ஆச்சியிடம்' என்று தம்பி எழுதி வைத்திருக்கிறான்.

போன வாரம் தேவகோட்டைப் பெண் ஒரு படம் அனுப்பினாள். அவள் பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்த கல்யாணப் பத்திரிகை. கூடவே: "மேடம், விக்ரம வருஷம். 1880 இல்ல, 1940தான். கீழ எலெக்ட்ரிக் பிரஸ்னு போட்டிருக்கு பாருங்க."

படத்தில் மேல் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. "மாசம் என்ன?" என்று திருப்பி அனுப்பினேன்.